பின்னல் முடியட்டும்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கண்டுபிடித்து என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். 1974ஆம் வருஷம், ராயபுரத்தில் ஒரு சந்து, உச்சி வெயில். வாசற்படியில் ஒரு ஆண்பிள்ளை தன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். வாயில் ரிப்பன். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, "இன்னாபா, ஒடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தார்கள். வேலை நாளில் திடமான ஆள் ஒருத்தர் வீட்டில் இருந்தால் அந்தப் பக்கத்தில் வேறு காரணம் கிடையாது. அவர் ரிப்பனை எடுக்காமலே சிரித்தார்.

அந்தச் சிரிப்பு மட்டும்தான் நான் பார்த்தது. மற்றதெல்லாம் நான் கட்டியது. நன்றாகவே கட்டியிருக்கிறேன்.

2

ஆரம்பம், முதல் தடவை: "திருவொற்றியூர் ஆலைச் சங்கு ஊதியபோது கிழக்கே இன்னும்

வேண்டாம். ஆலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாரும் முதலில் சங்கைத்தான் ஊதுகிறார்கள்.

இரண்டாம் தடவை: "மனிதன் எதற்காக உழைக்கிறான் என்ற கேள்வி

சே, கட்டுரை வாடை. பேசாமல் ஆளை அறிமுகப்படுத்திவிடலாம். பெயர் சிலுவைமுத்து, வயது முப்பத்தாறு, திருவொற்றியூரில் ஒரு வார்ப்பட ஆலையில் ஃபிட்டர். (ஆலைக்குப் பெயர் வைக்கவில்லை. அப்படி ஓர் ஆலையே கிடையாது, தேடாதீர்கள்.) மனைவி ஃப்ளோரன்ஸ், பள்ளிக்கூட டீச்சர். மகள் ஹில்டாவுக்கு ஐந்து வயது. லூயிஸ் கைக்குழந்தை.

சிலுவைமுத்துவுக்குப் பெரும்பாலும் ராத்திரி ஷிப்டு. காலையில் வந்து விழுந்தால் சாயங்காலம்தான் கண்ணைத் திறப்பார். பக்கத்து வீட்டம்மா ஒருநாள் ஹில்டாவைச் சீண்டினாள்: "உங்க நைனா இன்னா வேல செய்றாரு?"

"தூங்குற வேல," என்றாள் ஹில்டா.

சந்தே சிரித்தது. சிலுவைமுத்துவும் சிரித்தார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை. என் குழந்தைக்கு நான் யார் என்றே தெரியவில்லையே என்று நினைத்தவர், கை கழுவும்போதே வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

3

இங்கேதான் ஃப்ளோரன்ஸிடம் நான் மாட்டிக்கொண்டேன். முதல் பிரதியில் அவளை அழவைத்தேன். ஊரே அரிசிக்கு அலைகிறது, கிருஷ்ணாயில் கியூ தெருமுனை தாண்டி நிற்கிறது, பால்பவுடர் டின் வேண்டுமென்றால் கடைக்காரன் சொந்தக்காரனாக இருக்க வேண்டும். இந்த நேரத்தில் புருஷன் வேலையை விடுகிறேன் என்றால் பெண்டாட்டி அழ மாட்டாளா? எழுதினேன். படித்தேன். கிழித்தேன். ஐந்து வருஷமாகக் கைக்குழந்தையும் பள்ளிக்கூடமுமாக ஓடுகிறவள் அழுவதற்கு எங்கே நேரம்?

அவள் சொன்னது இதுதான்: "வுட்ரு. ஆனா சும்மா குந்திகினு இருக்கக் கூடாது. காலைல எதுனா வேல பாரு. மதியத்துக்கு மேல புள்ளைங்க உன் பொறுப்பு. கறி ஞாயித்துக்கெழம மட்டும்தான். அப்பறம் மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"தூக்க மாட்டேன்."

"கோயில்ல வந்து சொல்லு."

கோயிலுக்குப் போய்ச் சொன்னார். (ராயபுரத்துக் கத்தோலிக்கர்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில்தான்.) மறுநாள் ஆலையில் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். கடற்கரையில் விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் வேலை காலையில் கிடைத்தது. மதியம் வீடு. பாதி ஓய்வு என்று நாமெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாள் பிற்பகல் லூயிஸைப் பார்த்துக்கொண்டால் அந்த 'ஓய்வு' என்ற வார்த்தையை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

கதையை இங்கே முடித்திருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் உசேன் என்று ஒருத்தர் இருக்கிறார்.

4

உசேன், அதே ஆலையில் யூனியன் செக்ரட்டரி. சிலுவைமுத்துவின் தோஸ்து. தங்கமான மனுஷன், அதுதான் பிரச்சினை. அந்த ஆலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்: கை நசுங்கி வந்தவர்கள், ஆட்குறைப்பில் வந்தவர்கள், மிரட்டிக் கையெழுத்து வாங்கப்பட்டு வந்தவர்கள். தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்த ஆளை அவர் பார்த்ததில்லை.

விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். சிலுவைமுத்து குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமு இது கோலம்! எவன் மெரட்டினான்?"

"எவனும் மெரட்டல மாமு. நானேதான் எய்திக் குட்த்தேன்."

"தெரியும், தெரியும். இப்டித்தான் சொல்ல சொல்லிக்கீறானுங்க." உசேன் கண்ணைச் சிமிட்டினார். "பயப்படாத. நாங்க கீறோம்."

"அய்யோ, நெஜமாப்பா!"

"ஃப்ளோரன்ஸ் மேல சத்தியமா சொல்லு."

சொன்னார். உசேனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டி மேல் பொய்ச் சத்தியம் செய்யுமளவுக்கு மிரட்டியிருக்கிறார்கள், பாவிகள்!

[இது நம்பும்படி இல்லை என்று என் மனைவி சொல்கிறாள். நம்பாதவர்கள் அந்தக் காலத்துத் திருவொற்றியூரில் ஒரு கேட் மீட்டிங்கிலாவது நின்றிருக்க வேண்டும்.]

மறுநாளே ஆலை வாசலில் கூட்டம். 'தோழர் சிலுவைமுத்துவை வேலைக்கு எடு!' ஒரு வாரம் யாரும் உள்ளே போகவில்லை. ஒரு வாரக் கூலி இல்லை. சிலுவைமுத்து வாசலுக்கே போய், "எனக்கு வேல வேணாம்பா!" என்று கத்தினார். கூட்டம் இன்னும் ஆவேசமாகிவிட்டது. என்ன ஒரு தியாகம்! கடைசியில் ஆலைக்காரர்கள், உலை அணைந்து கிடப்பதற்கு ஒரு ஃபிட்டரைத் திரும்ப எடுப்பது மேல் என்று இறங்கி வந்தார்கள். அதே வேலை, அதே ராத்திரி ஷிப்டு.

5

வெற்றி ஊர்வலம் சந்துக்குள் நுழைகிறது. முன்னால் பேண்டு.* அதற்குப் பின்னால் ஒரு வாரம் பட்டினி கிடந்த ஆட்கள், சிரித்த முகத்தோடு. உசேன் கையில் ரோஜா மாலை. படியில் சிலுவைமுத்து, மடியில் லூயிஸ், முன்னால் ஹில்டா. ஒரு பக்கம் பின்னியாயிற்று. மறுபக்கம் விரித்தபடி.

(* ராயபுரத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே பேண்டுதான். பாட்டு மட்டும் மாறும்.)

முடிவு ஒன்று: மாலையை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார். கூட்டத்துக்கு நல்லது, எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: மாலையைத் தள்ளிவிடுகிறார். அப்படிச் செய்தால் நாளைக்கு நிஜமாகவே மிரட்டி அனுப்பப்பட்டவனுக்காக உசேன் கூப்பிடும்போது யார் வருவார்கள்? இது சிலுவைமுத்துவுக்கும் தெரியும். அதனால்தான் அவர் பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கிறார்.

முடிவு மூன்று: திடீரென்று மழை

சீ.

உசேன் மாலையை நீட்டுகிறார். "எய்ந்துரு மாமு. ஜெயிச்சிட்டோம்!"

"இரு. பின்னல் முடியட்டும்."

பேண்டு நிற்கிறது. ஒரு ஊர்வலமே ஒரு சின்னப் பெண்ணின் தலைமுடிக்காகக் காத்திருக்கிறது. ஹில்டா மாலையைப் பார்க்கிறாள், அப்பாவைப் பார்க்கிறாள்.

"நைனா, மறுபடியும் தூங்கப் போறியா?"

உசேன் அதைக் கேட்டுவிட்டார். அவருக்கும் வீட்டில் மூன்று உண்டு. முகம் வெளுத்தது. மாலை கீழே இறங்கியது.

"அடப்பாவி," என்றார் மெதுவாக. "நெஜமாவே நீதான் எய்தினியா?"

சிலுவைமுத்து தலையாட்டினார். வாயில் ரிப்பன்.

அவர் வேலைக்குப் போகப் போவதில்லை. இதில் சந்தேகமே வேண்டாம், கட்டியவன் நான் சொல்கிறேன். எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். உசேன் இப்போது கூட்டத்தின் பக்கம் திரும்புகிறார். அவர்களிடம் அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். நண்பனைக் காட்டிக் கொடுக்காத, பட்டினி கிடந்தவர்களை முட்டாளாக்காத, அடுத்த தடவையும் அவர்களை வாசலுக்கு வரவைக்கிற ஒரு வாக்கியம். நான் பதினோரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டேன், வரவில்லை.

அதனால் மாலையை உங்கள் கையில் கொடுக்கிறேன். உசேன் நின்ற இடத்தில் நீங்கள் நில்லுங்கள். எல்லாரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். ரெண்டாவது பின்னல் முடிந்துவிட்டது, சொல்லுங்கள்.