செல்சாவின் எறும்புகள்

ஹோட்டல் ஓவியக் கூடத்தின் திறப்பு விழாவில், ஊரார் மரியாதையாக 'ஞா' சேர்த்துக் கூப்பிடும் செல்சாவுக்கு மூன்றாவது வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். கூடம் முழுக்க அவர் வரைந்த படங்கள்தான், வாசலில் பித்தளையில் பொறித்திருப்பதும் அவர் பெயர்தான். ஆனாலும் முதல் வரிசை அமைச்சரின் மனைவிக்கும் விழாச் செலவை ஏற்ற பீர் கம்பெனிக்காரர்களுக்கும். அதற்கெல்லாம் அவர் கோபப்படவில்லை. நாற்காலி எங்கே கிடந்தால் என்ன, உட்காரத்தானே.

விழா தொடங்குமுன் ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று, அக்காள் மகள் நிம்ஃபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் படத்தின் முன்னால் போய் நின்றார். அங்கேதான் அவருக்குக் கோபம் வந்தது.

இப்பகராய் ஏரிக்கரையில் அந்த ஹோட்டல் நூறு வருஷமாக நிற்கிறது. அந்தக் காலத்துத் தளபதிகளெல்லாம் வெயிலுக்கு ஒதுங்க வந்து தங்கிய இடம். அவர்களின் படங்கள் லபாச்சோ மரச் சட்டங்களுக்குள் மீசையோடு முறைத்துக்கொண்டிருந்த கூடத்தைத்தான் இப்போது செல்சாவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். தளபதிகளை இறக்கிப் பரணில் போட்டுவிட்டு, அதே சட்டங்களில் இவர் படங்களை மாட்டியிருந்தார் மேலாளர் தோன் ரமிரோ.

செல்சா ஒரு பைசா வாங்கவில்லை. வீட்டிலிருந்த மூலப் படங்கள் அத்தனையையும் தூக்கிக் கொடுத்திருந்தார். அவர் எழுதி வரைந்த பிள்ளைகள் புத்தகங்கள் அச்சில் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. பிள்ளைகள் வந்து பார்க்கட்டும், அது போதும் என்றுதான் கொடுத்தார்.

"தோன் ரமிரோ, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டார். "இந்தப் படத்தோட அடிப்பக்கம் எங்க?"

"அப்படியேதானே இருக்கு, ஞா செல்சா."

"எறும்பு எங்கன்னு கேக்கறேன்."

"ஓ, அதுவா. கீழ கறை மாதிரி ஏதோ புள்ளி புள்ளியா இருந்துச்சு, பழைய தாளில்லையா. சட்டத்துல அடங்கல. ரெண்டு விரல் நறுக்கச் சொல்லிட்டேன். பாருங்க, எவ்ளோ நேர்த்தியா இருக்குன்னு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாம் ஒண்ணு போல இருக்க வேணாமா?"

நிம்ஃபாவுக்குப் பொறுக்கவில்லை. "சட்டத்தப் புதுசா செஞ்சிருக்கலாமே, ஐயா."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க. தளபதிங்க படம் இருந்த சட்டம். இந்தச் சுவரையே எடுத்துக்கோங்க, தலைநகரத்து அனுமதி இல்லாம ஒரு ஆணி அடிக்க முடியாது. எல்லாம் பாரம்பரியம்."

"நறுக்கின துண்டெல்லாம் எங்க?" என்றார் செல்சா.

"குப்பைக்குப் போயிருக்கும்."

எவ்வளவு சாவகாசமாகச் சொன்னார் அந்த மனுஷன். கறையாம், கறை. அவருக்குத் தெரியுமா அது என்னவென்று? செல்சா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் படம் காட்டிக் கதை சொன்ன காலத்தில், பொடிசுகள் எப்போதும் முன்னால் தரையில்தான் உட்காரும். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும். அதுகளுக்காகத்தான் ஒவ்வொரு படத்தின் அடியிலும் எறும்பு வரிசை ஒன்று போடத் தொடங்கினார். மேலே சிறுமி செருப்பைத் தொலைத்துவிட்டு அழுவாள், கீழே எறும்புகள் அந்தச் செருப்பின் வாரைத் தூக்கிக்கொண்டு போகும். மேலே அடுப்படியில் சீப்பா ரொட்டி காணாமல் போகும், கீழே அதன் துணுக்குகள் ஊர்வலம் போகும். பெரியவர்கள் மேலே பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்கள். முழுக் கதையும் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அந்தக் கதையைத்தான் கத்தரித்துக் குப்பையில் போட்டிருக்கிறார் இந்தப் புண்ணியவான்.

"சித்தி, வீட்டுக்குப் போயிடலாமா?" என்றாள் நிம்ஃபா மெதுவாக.

"நான் எதுக்குப் போகணும்?"

அதற்குள் பாட்டுப் பாட வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூடத்துக்குள் புகுந்துவிட்டார்கள். யாரும் சொல்லித் தரவில்லை, நேரே படங்களுக்கு அடியில் போய் மண்டியிட்டார்கள். அவரவர் வீட்டில் அம்மா அப்பா படித்த கிழிந்த புத்தகம் இருக்கிறதே, அதில் பார்த்த பழக்கம். ஒரு படம் பார்த்தார்கள், இன்னொன்று பார்த்தார்கள். முன்பல் விழுந்த ஒரு பெண் திரும்பி, செல்சாவிடமே கேட்டாள்.

"எறும்பெல்லாம் எங்க போச்சு?"

தோன் ரமிரோ தொந்தி மேல் டை தொங்கக் குனிந்து சிரித்தபடி, "எறும்பு இருந்தா ஹோட்டலுக்கு அசிங்கம் இல்லையா, கண்ணு?" என்றார்.

அவ்வளவுதான். செல்சா கைப்பையைத் திறந்து கறுப்பு மைப் பேனாவை எடுத்தார். நிம்ஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முதல் படத்துக்கு நேர் கீழே, வெள்ளை வெளேரென்ற சுவரில், முதல் எறும்பைப் போட்டார்.

"ஐயோ, ஞா செல்சா, அது சுவரு."

"தெரியுது. தாள இல்லாம பண்ணிட்டீங்களே, வேற எங்க போடறது?"

ஒரு எறும்பு, அதன் பின்னால் இன்னொன்று. அவை ஒரு கத்தரிக்கோலைச் சுமந்தன. அடுத்த படத்தின் கீழே ஒரு டை. அதற்கடுத்து, எறும்புகள் தலைக்கு மேல் மல்லாக்கத் தூக்கிய மனிதர் ஒருவர், வழுக்கையும் தொந்தியுமாக, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு. பிள்ளைகள் தவழ்ந்தபடியே கூட வந்தார்கள். முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் தோன் ரமிரோவைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வரிசையில் அமைச்சரின் மனைவி விசிறியால் வாயை மறைத்துக்கொண்டார்.

தோன் ரமிரோ ஈரத்துணி கேட்டுக் கத்தினார். தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானக் குவளைகளைத் தட்டில் ஏந்தி நின்ற பரிசாரகர் அசையவில்லை.

"சுவர்ல கை வைக்கணும்னா தலைநகரத்து அனுமதி வேணுமே, ஐயா."

செல்சா தலை நிமிரவில்லை. மனசு ஆறவுமில்லை. நறுக்கியது நறுக்கியதுதான், எத்தனை எறும்பு போட்டாலும் அந்தப் பழைய எறும்புகள் திரும்பி வரப்போவதில்லை. அது அவருக்குத் தெரியும். வரைந்துகொண்டே வாசல் பக்கம் நகர்ந்தார்.

பல் விழுந்த பெண் காதருகே வந்து கேட்டாள். "இவர எங்க தூக்கிட்டுப் போகுதுங்க?"

"குப்பைத் தொட்டிக்கு" என்றார் செல்சா. "என் தாளெல்லாம் அங்கதான் கிடக்கு. தேடி எடுத்துட்டு வரட்டும்."