முதல்ல கத்தினது யாரு?

எங்க தையல் கூடத்துல ஒரே ஒரு சட்டம்தான். ஊசி இறங்கியிருக்கும்போது அடுத்தவங்க மிஷின்ல இருக்கிற துணியை யாரும் தொடக்கூடாது. அதை எழுதிச் சுவத்துல மாட்டினதே கட்டிங் மாஸ்டர்தான். தொட்டதும் அவர்தான். என் தம்பி பொண்டாட்டி தச்சுக்கிட்டிருந்த சட்டையை, தையல் கோணலா இருக்குன்னு வெடுக்குனு இழுத்தார். ஊசி அவ விரலுக்குள்ள ஏறி ஒடிஞ்சுது. கண்ணு என்ன பிடரியிலயா இருக்குன்னு கத்திட்டா.

அன்னிக்கே விசாரணை வச்சாங்க. எதை விசாரிச்சாங்கங்கிறீங்க? துணியைத் தொட்டதையா? அட போங்க. பெரிய மனுஷனைப் பாத்து ஒரு பொம்பளை எப்படிக் கத்தலாம்ங்கிறதை.

மேனேஜருக்கு வெள்ளிக்கிழமை சரக்கு போயாகணும். மாஸ்டர் கோவிச்சுக்கிட்டுப் போனா துணி வெட்ட ஆளில்லை. அதனால மேனேஜருக்கு நியாயம் எந்தப் பக்கம்னு விசாரிக்காமலே தெரிஞ்சுபோச்சு. கூட உக்காந்த கணக்கரோட மருமக வீட்டுல எதிர்த்துப் பேசுறவளாம். அவகிட்ட சொல்லத் தைரியமில்லாததையெல்லாம் இவகிட்ட சொல்லித் தீத்துக்கிட்டார். பட்டன் தைக்கிற அக்கா இருக்காங்களே, மூணு தடவை ஊசி ஏறினவங்க, நாங்கல்லாம் வாயைத் திறந்தோமான்னு விரலைத் தூக்கிக் காட்டினாங்க. அதுல நகமே கிடையாது. பெருமைக்கு ஒண்ணும் குறைச்சலில்லை.

பாத்தவங்க ஒருத்தர் சொன்னா அவ வேலை நிலைக்கும், இல்லைன்னா சீட்டு கிழியும். பக்கத்து மிஷின் என்னுதுதான். துணி சுத்தின விரலோட என் பக்கம் திரும்பினா.

"அண்ணி, நீங்க பாத்தீங்கல்ல? சொல்லுங்க."

பாத்தேன். ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். ஆனா சூப்பர்வைசர் நாற்காலி காலியா கிடந்தது, அதுக்கு ஆளைச் சொல்றது மாஸ்டர். போதாததுக்கு, வந்த நாள்லேருந்து என் தம்பியை முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கிறவ. நான் குனிஞ்சு தச்சுக்கிட்டிருந்தேன், சத்தம்தான் கேட்டுதுன்னேன். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்னு கேக்காமலே ஒண்ணு சேத்தும் விட்டேன். மறுநாள்லேருந்து வர வேண்டாம்னுட்டாங்க.

இப்போ நாற்காலியில நான். போன வாரம் மாஸ்டர் இன்னொருத்தி துணியை இழுத்தார். ஊசி ஏறியும் அவ கத்தலை. உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிமிந்து என்னைத்தான் பாத்தா. அந்தச் சட்டம் இன்னும் என் தலைக்கு மேலதான் தொங்குது.

"துணியில ரத்தம் படாம பாத்துக்கோ."

த்தூ, சொன்னது இந்த வாய்தான்.