முன்சீட்டில் ஈரம்

காரில் மாமனார் உட்காரும் முன்சீட்டில் மருமகள் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்தாள். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கணவன் பார்த்தான், தொண்டையைக் கனைத்தான், செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டான். சங்கடமான பேச்சு வரும்போதெல்லாம் அவன் போய் ஒளிகிற இடம் அதுதான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமனாரை அவருடைய மச்சான் வீட்டில் காரில் கொண்டுபோய் விடுவது மருமகளின் வேலை. மச்சான் என்றால், இறந்துபோன மாமியாரின் தம்பி. இரண்டு பேரும் சாயங்காலம் வரை கேரம் ஆடுவார்கள், சண்டை போடுவார்கள், மிச்சச் சண்டையை அடுத்த வாரத்துக்கு வைத்துவிட்டுப் பிரிவார்கள். அப்படி இறக்கிவிட்டு வந்த ஒரு நாள், அவர் கால் வைத்திருந்த இடத்தில் மேட் ஈரமாக இருந்தது. லேசான மஞ்சள். குனிந்து முகர்ந்தாள், ஒரு மாதிரி இனிப்பு வாடை. மாமனாருக்கோ பல வருஷமாகச் சர்க்கரை நோய். இரண்டையும் முடிச்சுப் போட அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

அவள் முகம் சுளிக்கவில்லை. மேட்டைக் கழுவிக் காயவைத்தாள். அடுத்த வாரமும் ஈரம் கண்டபோதுதான் ஷீட் வந்தது. அவர் மனசு நோகக் கூடாதென்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துவிட்டாள். பெரிய மனசுதான், கூடவே கொஞ்சம் மூளையையும் செலவழித்திருக்கலாம்.

மாமனார் தையல்காரராக இருந்தவர். வீட்டுக்குள்ளேயே மடிப்புக் கலையாத கால்சட்டையோடு உலாவுகிற ஆள். க்ரீம் நிறம் என்றால் உயிர். முதல்முறை அந்த ஷீட்டில் உட்கார்ந்தபோது அது சரசரவென்று மானத்தை வாங்கியது. அடுத்த ஞாயிறு கறுப்புக் கால்சட்டையில் வந்தார். அவருக்கென்று வைத்த தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமலே திரும்பி வந்தது.

"சர்க்கரை இருக்கறவங்க தண்ணி குடிக்கணும் மாமா, எத்தனை தடவை சொல்றது?" என்று அவள் கடிந்துகொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு, "முட்டி வலிக்குதும்மா, நான் வரல" என்றார். பிறகு ஞாயிறு வந்தாலே முட்டி வலிதான். மச்சான் போனில் கத்தினார்: "என்ன மச்சான், தோத்துடுவோம்னு பயமா?" மாமனார் சிரித்துவைத்தார். போனை வைத்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் காரில் ஏறியே மூன்று வாரம் ஆகியிருந்தது. மருமகள் தனியாக வேலைக்குப் போகும்போது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் விறுவிறுவென்று மேலே ஏறியது. ஓரமாக நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து, பானெட்டைத் திறந்தால் இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் தொட்டி காலி. போன வாரம்தான் கணவன் நிரப்பினான். அது எங்கே போகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை. காருக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. போனை எடுக்க முன்சீட்டுப் பக்கக் கதவைத் திறந்தாள். மேட் சொதசொதவென்று நனைந்திருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷீட்டைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. யோசித்துப் பார்த்தால், அது ஒரு நாளும் நனைந்ததே இல்லை.

மெக்கானிக்கை எல்லோரும் டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பகலிலும் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டே பேசுகிறவன். கூலன்ட் தொட்டியின் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்றை ஏற்றினான். பம்பிலிருந்த மீட்டரின் முள் மெல்ல இறங்கியது, எங்கோ ஒழுகுகிறது. வெளியே எங்கும் கசிவில்லை. உடனே முன்சீட்டுப் பக்கம் தலைகீழாகப் புகுந்தான். கால்கள் மட்டும் கதவுக்கு வெளியே ஆடின.

"மாட்டிக்கிச்சு அக்கா! உள்ள ஹீட்டருக்குப் போற பைப்பு. ஜாயின்ட்ல இருக்கற ரப்பர் வளையம் வெடிச்சுப்போச்சு. அதான் ரோட்டுல ஒழுகாம வண்டிக்குள்ளயே ஒழுகியிருக்கு. இனிப்பா வாடை வந்திருக்குமே? யாரோ ஜூஸைக் கொட்டிட்டாங்கன்னு நெனச்சிருப்பீங்க."

"ஜூஸ்னு நெனைக்கல" என்றாள்.

புது வளையம் போட்டான், கிளாம்பை இறுக்கினான், கூலன்ட் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினான். எல்லாம் ஆறியபிறகு மறுபடி பம்பைப் பொருத்தினான். முள் அசையவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போதும் அக்கா, அது இனி நகராது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனைதான். சொன்ன சொல்லாக இருந்தால் மன்னிப்புக் கேட்கலாம். சொல்லவே சொல்லாததை எங்கிருந்து ஆரம்பிப்பது? மாமனார் அறையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வெடித்த வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மாமா, கார்ல ஒழுகினது கூலன்ட். இன்ஜினுக்கு ஊத்தற தண்ணி. நீங்க வராதப்பவும் அந்த இடம் ஈரமாத்தான் இருந்திருக்கு."

அவர் வளையத்தின் விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"அப்போ நான் இல்லையா?"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து வந்தவள் இதை எதிர்பார்க்கவில்லை. "நீங்க இல்ல மாமா. ஒரு நாளும் நீங்க இல்ல."

"கால்சட்டையோட கீழ் ஓரம் நனைஞ்சிருக்கும். மேல எல்லாம் காஞ்சுதான் இருக்கும். ஆனாலும், நீ பார்க்காமலா ஷீட்டு விரிப்பேன்னு என் மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. சனிக்கிழமை மத்தியானத்துலேர்ந்து தண்ணி குடிக்கிறதையே நிறுத்திப் பார்த்தேம்மா. அப்பவும் ஈரம்."

மூடி திறக்காத பாட்டில் அவள் கண்முன் வந்து நின்றது. தேம்பிவிட்டாள். "மன்னிச்சிடுங்க மாமா."

"நீ ஒண்ணும் சொல்லலையேம்மா."

"வாயத் தொறந்து கேட்டிருக்கணும்."

"நானும்தான் கேக்கல. நல்ல ஜோடி நாம." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஷீட்டு?"

"நான் எடுத்துடறேம்பா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. செய்தித்தாள் தரையில் விழ, கணவன் வாசலுக்கு ஓடினான்.

மாமனார் போனை எடுத்தார். "மச்சான், ஞாயித்துக்கிழமை வரேன். போர்டைத் துடைச்சு வை." மருமகள் ஒரு பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி டம்ளரை அவளிடமே திருப்பி நீட்டினார்.

"இன்னொண்ணு கொண்டாம்மா."