கம்பளிக்குள் ஐஸ்

தென்னேரிப் பள்ளிக்கூடத்துக்கு முனிசாமி வந்தது மகள் அனுவின் டி.சி.யை வாங்கிக்கொண்டு போகத்தான். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். அரைநாள் கூலி போனால் போகட்டும் என்று வந்துவிட்டார்.

புது முறையாம். லில்லி டீச்சர் எதையும் சொல்லித்தருவதில்லை. கேட்டால் பிள்ளைகளையே திருப்பிக் கேட்கிறார். இப்படியும் ஒரு படிப்பா? முனிசாமி தலை நரைத்தபிறகு அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவர். அங்கே போர்டில் எழுதிப்போட்டார்கள், பார்த்து எழுதினார். காஞ்சிபுரத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் எழுதிப்போடுகிறார்களாம். அனுவை அங்கே சேர்த்துவிட வேண்டியதுதான்.

ஹெட்மாஸ்டர் வீரபாகு டி.சி. எழுதி முடிக்கும்வரை, முனிசாமி அஞ்சாம் வகுப்பு வாசலில் போய் நின்றார்.

உள்ளே இரண்டு கிண்ணங்களில் ஐஸ் கட்டி. ஒன்றைக் கம்பளியில் சுற்றி வைத்தார் டீச்சர். "எது முதல்ல கரையும்?"

"கம்பளிக்குள்ள இருக்குறதுதான் டீச்சர். அதுக்குத்தான் புழுங்குமே" என்றாள் அனு.

"ஐஸுக்குக் குளிர் ஜுரமாடீ?" என்றான் சரத்குமார். வகுப்பு சிரித்தது.

டீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. முனிசாமிக்குப் பொறுக்கவில்லை.

"கொழந்த சொல்றது சரிதானேம்மா. கம்பளி சூடுதானே? ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்குற முத்து உதிர்ந்துடுமா?"

"உள்ள வந்து உட்காருங்கண்ணே. பார்த்துட்டே பேசலாம்."

கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. திறந்து வைத்த கிண்ணத்தில் தண்ணீர்தான் மிஞ்சியது. கம்பளியைப் பிரித்தால், ஐஸ் கல்லு மாதிரி குந்திக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அனுவின் முகம் சுண்டிவிட்டது. முனிசாமிக்கு அவளைவிட வெட்கம்.

"ஏமாத்து வேலைமா இது! உள்ள வெச்சது பெரிய துண்டு."

"இருக்கலாம்ணே. நான் அளந்து உடைக்கல" என்றார் டீச்சர்.



அனு அதற்குள் கம்பளியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நைனா, இங்க கைய வையேன். சில்லுன்னு இருக்குது. கம்பளியில சூடே இல்ல."

அவர் கை வைத்தார். இல்லைதான்.

"அப்போ போத்திக்கினா நமக்கு மட்டும் எப்படி நைனா சூடாவுது?" கேட்டுவிட்டு அவளே முணுமுணுத்தாள். "நம்ம ஒடம்பு சூட்டையே வெளிய வுடாம புடிச்சிக்குதோ? அதேமாதிரி வெளிச்சூட்ட உள்ள வுடலியோ?"

அனு டீச்சர் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் வாய் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி முனிசாமியும் இந்தத் தடவை கேட்கவில்லை.

வாசலில் வீரபாகு வந்து நின்றார். "டி.சி. ரெடி. வந்து ஒரு கையெழுத்துப் போடுப்பா."

"இருங்க சார். டீச்சர், நாளைக்கு ஐஸ நான் வாங்கியாறேன். ரெண்டு துண்டும் ஒரே அளவு. நான்தான் உடைப்பேன்."

"மூணு துண்டு, நைனா" என்றாள் அனு. "ஒண்ண கோணியில சுத்திப் பாக்கணும்."

"அப்போ இத என்னப்பா பண்றது?" வீரபாகு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்றார் முனிசாமி, ஐஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.