மூச்சுக்குள் ஒரு பீப்பி

எங்கள் வீட்டு முன்னறையில் வாரம் இரண்டு நாள் பொடிசுகளுக்குப் பாட்டு வகுப்பு நடத்துகிறேன். வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தட்டலாம், குலுக்கலாம், ஊதலாம், என் காதைக் கிழிக்கலாம். அன்று என் மேதாவித்தனம் கொஞ்சம் கூடிவிட்டது. "சத்தம் எங்கேருந்து வருதுன்னு நீங்களே கழட்டிப் பாருங்க" என்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் பீப்பியைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த கையை வெட்டிப் போடலாம்.

ஐந்து பேரில் ஒருவன் என் அண்ணன் மகன் சுண்டு. மூன்று வயது. அண்ணி அவனை என்னிடம் தனியாக விட்டுப் போனது அன்றுதான் முதல் தடவை.

திடீரென்று சுண்டு இருமினான். முகம் சிவந்தது, பிறகு சரியாகிவிட்டது. "எல்லாரும் கீழ வைங்க, கப்சிப்" என்றேன். வைத்தார்கள். ஆனாலும் 'கீ' என்று மெல்லிசாக ஒரு சத்தம் நிற்கவே இல்லை. எந்த வாலு ஒளித்து வைத்து ஊதுகிறது என்று ஒவ்வொரு கையாகப் பார்த்தேன். எல்லாக் கையும் காலி. சுண்டு மூச்சை விட்டான், கீ. இழுத்தான், கீ. பிள்ளைகள் கைதட்டினார்கள், அவனுக்கு ஒரே பெருமை. கீழே கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். அவன் பீப்பிக்குள் சத்தம் போடும் நகமளவுத் துண்டைக் காணோம்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். "முதுகுல தட்டாதீங்க, வாய்க்குள்ள விரல் விடாதீங்க. மூச்சு வருதில்ல? அழ மட்டும் விடாதீங்க" என்றாள் பேசிய பெண். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். எனக்கே அழுகை முட்டிக்கொண்டு நின்றது. மற்ற பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டு, அண்ணிக்கும் போனில் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினேன்.

வண்டியில் அவனை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 'கீ'க்கும் தொடையில் ஒரு தட்டு தட்டினேன். "மெதுவா ஊது, அத்தை தூங்கணும்" என்றேன். சிரித்தான். அந்தச் சத்தம் போய்த் தொலையவும் வேண்டும், நின்றுவிடவும் கூடாது. ஒரு திருப்பத்தில் நின்றே போனது. எனக்கு உயிரே போய்விட்டது.

"சுண்டு, டேய்."

"எச்சி முழுங்குனேன் அத்தை" என்றான். கீ.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி காத்திருந்தார். "என்ன பண்ணுன எம்புள்ளைய?"

"நாந்தான் கழட்டச் சொன்னேன் அண்ணி."

அதற்குமேல் அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து, தொண்டைவழியாகக் குழாய் விட்டு அந்தத் துண்டை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. பெஞ்சின் இந்த முனையில் நான், அந்த முனையில் அவர்.

பிறகு உள்ளே விட்டார்கள். கண்மூடிக் கிடந்தான். அவன் வாயருகே காதை வைத்தேன். சத்தமே இல்லை. பதறிப்போய்ப் போர்வைக்குள் கைவிட்டு அவன் நெஞ்சைத் தேடினேன். அங்கே அண்ணியின் கை ஏற்கெனவே இருந்தது.

"ஏறி இறங்குது, பாரு" என்று என் கையைப் பிடித்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டார்.