கல்லாக உட்காரும் விளையாட்டு

“ஹரிதாவுக்கு இந்த வருஷம் மொட்டை அடிக்காதீங்க.”

பிளெஸ்ஸி சொல்லிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே, உட்காரச் சொல்வதற்கு முன்பே, ஹேமநாத் சார் சொன்ன முதல் விதி இதுதான்: பெற்றோரிடம் எதை வேண்டுமானாலும் கேள், வேண்டுதலை விடச் சொல்லி மட்டும் கேட்காதே. அதிலும் நீ கேட்கவே கேட்காதே. அந்த ‘நீ’க்கு அவர் விளக்கம் சொல்லவில்லை. சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்து, பிளெஸ்ஸி என்று பேர் வைத்துக்கொண்டு, திருப்பதியில் வேலைக்கு வந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த பிரமிளா, மடியிலிருந்த டிபன் கூடையைக் கீழே வைத்தாள். நகரியிலிருந்து வாரம் இரண்டு தடவை மகளை இந்த தெரபி சென்டருக்குக் கூட்டி வருகிறவள். பக்கத்தில் அவள் புருஷன் முரளிதரன். ஹரிதா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊஞ்சலில் குப்புறப் படுத்திருந்தாள்.

“இன்னா மேடம் சொல்றீங்க? வெள்ளிக்கெழம மலைக்குப் போறோம். ரூம் போட்டாச்சு. மூணு மொட்டைன்னு வேண்டிக்கினேன், ஒண்ணுதான் முடிஞ்சிது. நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்காத பொண்ணு. இப்ப ‘அம்மா தண்ணி’ன்னு கேக்குது. சாமி குடுத்த பேச்சு அது.”

“மூணு கத்திரி குடுங்கக்கா. பெரிய பொம்பளைங்க குடுக்கறாங்களே, மூணே வெட்டு. அதுவும் காணிக்கைதானே.”

“வேண்டிக்கினது மொட்டை.” பிரமிளா குரலை உயர்த்தவில்லை. “உங்க பக்கம் இதெல்லாம் கெடையாது. உங்களுக்கு எப்டித் தெரியும்?”

வேறொரு நாளாக இருந்தால் பிளெஸ்ஸி நறுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பாள். வீட்டில் முதல் பட்டதாரி. கண்டக்டரிலிருந்து காலேஜ் முதல்வர் வரைக்கும் எவரிடமும் அடங்காத வாய். இன்று அந்த வாய் ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் குற்றம் பிரமிளாவிடம் இல்லை, மலையில் இல்லை, மொட்டையிலும் இல்லை.

போன வருஷம் ஹரிதாவுக்குத் தலையில் சீப்புப் பட்டாலே உயிர் போகும். மலையிலோ சில்லென்று தண்ணீர் தெளிப்பார்கள், பிடரியைப் பிடித்துக் குனிய வைப்பார்கள், மண்டையில் கத்தி ஓடும். அழாமல் உட்கார வைத்துக் கொடுங்கள் என்று பிரமிளா கேட்டாள். பிளெஸ்ஸி ஒப்புக்கொண்டாள். குழந்தை உடம்பால் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதையும் பேச்சாக எடுத்துக்கொள், உடம்புக்கு ஏற்றபடி வேலையை மாற்று, வேலைக்காக உடம்பை ஒடுக்காதே. ஆக்குபேஷனல் தெரபி படிப்பில் அவள் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கிய பதில் இது. அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ‘கல்லு’ என்று ஒரு விளையாட்டைத் தொடங்கினாள்.

கையைத் தொடைமேல் வை. உதட்டை மூடு. ஒன்றிலிருந்து பத்து. அசையாவிட்டால் ஒரு முந்திரி பிஸ்கட். ஹரிதாவுக்குச் சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் இரண்டு கையும் காற்றில் படபடக்கும். படபடத்த கைகளைப் பிளெஸ்ஸி பிடித்துத் தொடையில் அழுத்தினாள். மெதுவாகத்தான் அழுத்துகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பன்னிரண்டு வாரம்.

மலையில் குழந்தை கல்லாக உட்கார்ந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அதை எடுத்த போட்டோ இப்போதும் சென்டர் வரவேற்பறையில் தொங்குகிறது. அந்த போட்டோவைப் பிளெஸ்ஸி ஊரிலிருக்கும் அப்பாவுக்கு, அவளுடைய நைனாவுக்கு, அனுப்பினாள். அவர் ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆளாளுக்குக் காட்டி, “எங்க பொண்ணு வேல” என்றார்.

“அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்,” என்றாள் பிளெஸ்ஸி. “போன செவ்வாக்கெழம கதவுல அவ வெரலு மாட்டிச்சே.”

“லேசா பட்டுதுன்னீங்க.”

“பொய் சொன்னேன்.”

முரளிதரன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

“நான் அலமாரிப் பக்கம் திரும்பி நின்னேன். இன்னொரு பையன் கதவத் தள்ளிட்டான். சத்தமே வரல. திரும்பிப் பாக்கறேன், ஒரு கை கதவு இடுக்குல, இன்னொரு கை தொடைமேல. உதட்ட மூடிக்கினு எண்ணிக்கினு இருக்கா. ஓடிப்போயிக் கதவத் தொறந்தேன். அப்பவும் பத்து வரைக்கும் எண்ணி முடிச்சா. முடிச்சிட்டு என் கையப் பாத்தா, பிஸ்கட்டுக்கு.”

மீதியைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஒரு வாரமாக விட்டுத்தான் வைத்திருந்தாள்.

“குடுத்தேங்க்கா. இன்னா பண்றதுன்னு தெரியாம, பிஸ்கட்ட எடுத்துக் குடுத்துட்டேன்.”

பிரமிளாவின் முகம் மெல்ல மாறியது. “போன மாசம் இட்லிப் பானையில சுட்டுக்கினா,” என்றாள், யாரையும் பார்க்காமல். “கொப்புளத்தப் பாத்துதான் தெரிஞ்சிது. சமத்துப் பொண்ணு, அழவே மாட்டான்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கினு இருக்கேன்.”

“எனக்கும் தலையில எவனாவது கை வெச்சா ஆவாது,” என்றான் முரளிதரன். “சலூனுக்குப் போயி பதினஞ்சு வருஷமாவுது. கண்ணாடியப் பாத்து நானே வெட்டிக்குவேன். இவ என்னைக் கஞ்சன்னுவா.”

“கஞ்சந்தான்.”

“சின்ன வயசுல நாலு பேர் புடிச்சிக்கினு மொட்டை அடிச்சாங்க. தெருவே கூடுற மாதிரி கத்துனேன்.” அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். “நான் கத்தவாச்சும் கத்துனேன்.”

கதவைத் திறந்துகொண்டு ஹேமநாத் சார் வந்தார். வெளியிலிருந்தே கேட்டிருக்க வேண்டும், காது சிவந்திருந்தது.

“பாரும்மா பிரமிளா, இது சின்னப் பொண்ணு, ஏதோ பேசிடுச்சு. வேற ஸ்டாஃபை வெச்சு நாளைக்கு ரெண்டு செஷன் குடுக்கறோம். பாப்பா வெள்ளிக்கிழமைக்கு ரெடி ஆயிடும். பிளெஸ்ஸி, சாரி சொல்லு.”

“அதத்தான் சொல்லிக்கினு இருக்கேன் சார்.”

பிரமிளா எழுந்து கூடையை எடுத்துக்கொண்டாள். “செஷன் வேணாம் சார். மலைக்குப் போவோம். இன்னா குடுக்கறதுன்னு நாங்களும் சாமியும் பேசிக்கிறோம். அது கத்துச்சுன்னா தூக்கிக்கினு வந்துடுவேன்.” பிறகு பிளெஸ்ஸி பக்கம் திரும்பினாள். “உன்னாண்ட ஒண்ணும் பேசறதுக்கில்லம்மா.”

மேடம் என்ற சொல் போய்விட்டிருந்தது. அது போனது சரிதான் என்று பிளெஸ்ஸிக்குத் தோன்றியது.

அவர்கள் போன பிறகு ஹேமநாத் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எத்தனை பேருக்கு அந்த விளையாட்டச் சொல்லிக்குடுத்தே?”

“ஆறு பேருக்கு.”

“மத்த அஞ்சு பேரு கம்ப்ளைன்ட் பண்ணினாங்களா? எல்லாருக்கும் சந்தோஷம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. விட்டுடு. இனிமே வேணும்னா வேற மாதிரி செய். உங்கப்பா எங்கிட்ட போன்ல எவ்ளோ பெருமையாப் பேசினாரு, தெரியுமா?”

யாருக்கும் தெரியாது என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஐந்து பேரில் ஒருவன், பாகாலா ஊர் ஜெபசிங்குக்கு ஏழு வயது. அவனுக்கு மொட்டை இல்லை. ஆராதனையில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும் என்று அவன் அம்மா கிருபாபாய் கேட்டாள். நம்ம சபைப் பிள்ளை என்று பிளெஸ்ஸி கூடுதல் அக்கறையோடு செய்து கொடுத்திருந்தாள். போன ஈஸ்டர் ஆராதனையில் அந்தப் பையன் கடைசி ஜெபம் வரைக்கும் கண்ணைக்கூட அசைக்கவில்லை. பாஸ்டரே பாராட்டினார். அவனுக்கு எங்கே என்ன வலித்துக்கொண்டிருந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. பிளெஸ்ஸி முன்வரிசையில் இருந்தாள்.

அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“எங்க போறே? நாலு மணிக்கு செஷன் இருக்கு.”

“அஞ்சு வீட்டுக்கும் போவணும் சார்.”

“போயி? இன்னான்னு சொல்லுவே? நானே உங்க பிள்ளையக் கெடுத்தேன்னா? எவன் உனக்கு அப்புறம் வேல குடுப்பான்?”

நைனாவிடமும் இதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் யோசிக்க வேண்டியது எல்லாம், பிரமிளா இட்லிப் பானையைச் சொன்னபோதே முடிந்துபோயிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரவேற்பறையைத் தாண்டி, படியிறங்கி வெயிலில் நடந்தாள். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஒருவரிடம் தெலுங்கில் கேட்டாள், பாகாலா பஸ் எது என்று.