சிவப்புக் கயிறு எட்டும் தூரம்

பன்னிரண்டு வருடமாக அந்தப் படகின் முன்பலகையில் அவள்தான் உட்கார்ந்தாள். பின்னால் இஞ்சின் கைப்பிடியைப் பிடித்தபடி புருஷன், முன்னால் அவள், நடுவில் வலையும் மீன் பெட்டிகளும். படகுத்துறையில் இருக்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. "மகாராணி பவனி கிளம்பிடுச்சு" என்பார்கள். மகாராணி திரும்பி வரும்போது முழங்கை வரை செதிலோடு வருவாள் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. சொல்லிப் பார்ப்பதில் ஒரு சுகம், அவ்வளவுதான்.

அந்த வருடம் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் குளிர்பதனக் கிடங்கில், மீனைத் தரம் பிரிக்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது. கால் நனையாத வேலை. உட்கார நாற்காலி உண்டு. அதுவும் சாய்மானம் உள்ள நாற்காலி. இரண்டு வாரமாக அவளுடைய இடுப்பு அந்த நாற்காலியைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணாந்தேதியிலிருந்து நான் படகுக்கு வரலைங்க" என்று அவள் சொன்னபோது, புருஷன் சாப்பிட்டபடியே தலையாட்டினார்.

"போயிட்டு வா. நீயும் எத்தனை நாளைக்குத்தான் பலகையில உக்காந்து இடுப்பை ஒடிச்சுக்குவே."

இவ்வளவு சுலபமாகச் சம்மதம் கிடைத்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் சந்தேகம் வரும். அவளுக்கும் வந்தது. மூன்றாம் நாள் துறைக்குப் போனபோது சந்தேகத்துக்கு விடை கிடைத்தது. படகில் இருந்த பழைய இருபத்தைந்து எச்.பி. இஞ்சின் கழற்றிக் கரையில் கிடந்தது. அதன் இடத்தில் நாற்பது எச்.பி. ஒன்று, புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மாட்டிக் கொடுத்தது வேறு யாருமில்லை, இஞ்சின் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவளுடைய சொந்த அண்ணன்.

படகின் பின்பலகையில், படகு கட்டியவர்கள் அடித்துவிட்ட ஒரு தகடு உண்டு. இத்தனை பேர், இவ்வளவு எடை, அதிகபட்சம் இருபத்தைந்து எச்.பி. என்று அதில் பொறித்திருக்கும். பன்னிரண்டு வருடமாகப் படகைக் கழுவும்போதெல்லாம் அதைத் துடைத்தவள் அவள்.

"தகட்டுல இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கே அண்ணா?"

அண்ணன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "படகு கட்டுறவன் எப்பவும் பயந்தாங்கொள்ளி, தங்கச்சி. முப்பது தாங்கும்னு தெரிஞ்சா இருபத்தஞ்சுன்னு அடிப்பான். இப்ப எல்லாரும் நாப்பதுதான் மாட்டுறாங்க."

"விரலுக்குத் தகுந்த வீக்கம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"ரெண்டு பேர் பாத்த வேலையை நான் ஒருத்தன் பாக்கணும்ல" என்றார் புருஷன், கயிற்றைச் சுருட்டியபடி. "சீக்கிரம் போயிட்டுச் சீக்கிரம் வந்தா, நீ வேலை முடிஞ்சு வர்றப்ப நானும் வீட்டுல இருப்பேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பத்து சொல்லியிருப்பாள். அன்பாகச் சொல்லிவிட்டால் சண்டை போடுவது எப்படி?

மறுநாள் அவர் தனியாகப் போய்த் திரும்புவதை அவள் துறையில் நின்று பார்த்தாள். படகின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் தண்ணீருக்குள் முக்கால்வாசி அழுந்தியிருந்தது. அவர் நின்றுகொண்டு ஓட்டி வந்தார். நின்றபடி பிடிக்க வசதியாக, கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி நீட்டியிருந்தார்.

"எதுக்கு நின்னுக்கிட்டே வர்றீங்க?"

"உக்காந்தா முன்னால ஒண்ணுமே தெரியலை. மூக்கு மறைக்குது."

"அந்தச் சிவப்புக் கயிறு?"

"நின்னா அது கைக்கு எட்டலை. அதான் இஞ்சின்லயே மாட்டிட்டேன்."

இஞ்சினோடு வருகிற கயிறு அது. ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு இஞ்சின் நின்றுவிடும். நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆளில்லாத கைப்பிடி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்ளும். படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். போன வருடம் ஒருவரை அப்படித்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். துணியை விலக்கிப் பார்க்க அவர் பெண்டாட்டியை யாரும் விடவில்லை.

"இஞ்சின்ல மாட்டினா, இஞ்சின் தண்ணியில விழுந்தாத்தான் இஞ்சின் நிக்கும்" என்றாள் அவள். "நீங்க விழுந்தா?"

"நான் எதுக்கு விழறேன்" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு எல்லாம் விளங்கியது. மூக்கு தூக்கியதால் நிற்கிறார். நிற்பதால் கயிறு எட்டவில்லை. எட்டாததால் அதை இஞ்சினுக்கே கட்டிவிட்டார். மூக்கு ஏன் தூக்கியது? பின்னால் நாற்பது தள்ளுகிறது, முன்பலகையில் அவள் இல்லை. பன்னிரண்டு வருடமாகத் தன்னைப் பங்காளி என்று நினைத்திருந்தாள். படகைப் பொறுத்தவரை அவள் ஒரு மூட்டை. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவள் முன்னால் உட்கார்ந்திருந்த வரைக்கும் அவர் உயிர் பத்திரமாக இருந்திருக்கிறது. அது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மறுநாள் காலை, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடக் கிடங்கு வரை போனாள். வாசல் கதவு திறந்திருந்தது. வரிசையாக நாற்காலிகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றில் ஒருத்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டாள். மூட்டையாக இருக்க மனுஷி எதற்கு?

நேராகத் துறைக்கு வந்தாள். புருஷனும் அண்ணனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மிதவைச் சட்டையை மாட்டி, படகில் இறங்கி, கட்டுக்கயிற்றை அவிழ்த்தாள். இஞ்சினை அவளுக்கு ஓட்டத் தெரியும். அவர் வலை இழுக்கும்போதெல்லாம் கைப்பிடி அவள் கையில்தான் இருக்கும்.

"எங்க போறே?" என்றார் புருஷன்.

"நீங்க போற மாதிரியே போயிட்டு வர்றேன். கரையிலிருந்து நல்லாப் பாருங்க."

உட்கார்ந்துதான் ஓட்டினாள். கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். வேகத்தைக் கூட்டியதும் மூக்கு எழும்பிக் கடலை மறைத்தது. எதிரில் ஒன்றும் தெரியவில்லை. குறைக்கலாம் என்று நினைத்த அதே நேரத்தில், எதிரில் போன பெரிய படகின் அலை வந்து அடித்தது. கைப்பிடி அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அவள் படகுக்குள்ளேயே பக்கவாட்டில் விழுந்தாள். கயிறு சுண்டி இழுபட்டது. இஞ்சின் நின்றது.

தலைக்கு மேலே வானம். தோள்பட்டை வலித்தது. தண்ணீர் படகைத் தட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அப்புறம் கரையிலிருந்து அவர் குரல் கேட்டது. அவளை அவர் கூப்பிடுவதென்றால் "இந்தா" என்பதோடு சரி. இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இன்னொரு தடவையும் கூப்பிட்டார், உடைந்த குரலில். கரையிலிருந்து பார்த்தவருக்குத் தூக்கிய மூக்கு தெரிந்திருக்கும். அப்புறம் ஆளே தெரிந்திருக்காது. பாவம் என்று தோன்றியது. அவள் கையைத் தூக்கிக் காட்டினாள்.

அண்ணன் பக்கத்துப் படகு ஒன்றை எடுத்து ஓட்ட, அவர் வந்து சேர்ந்தார். அவள் மணிக்கட்டில் இருந்த கயிற்றையே பார்த்தார்.

"இது எப்படி உனக்கு எட்டுச்சு?"

"உக்காந்திருந்தேன்."

"உக்காந்தா முன்னால தெரியாதே."

"தெரியலைதான். தெரியலைன்னா மெதுவாத்தான் போகணும். மெதுவாப் போறதுக்கு நாப்பது எதுக்கு?"

அண்ணன் எங்கேயோ பார்த்தான். அன்று மத்தியானமே, யாரும் சொல்லாமல், நாற்பதைக் கழற்றி இருபத்தைந்தை மாட்டினான்.

முப்பதாம் தேதி புருஷன் மெல்லக் கேட்டார். "நீ எத்தனை கிலோ இருப்பே?"

"எதுக்கு? ஐம்பத்தஞ்சு."

அவர் அந்த எடைக்கு இரண்டு தண்ணீர் கேன்களை நிரப்பி முன்பலகையில் கட்டினார். துறையைச் சுற்றி ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து, இன்னொரு கேனையும் நிரப்பினார்.

"ஐம்பத்தஞ்சுக்கு மூக்கு எறங்கலை" என்றார், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல்.

"தண்ணியில கனம் கம்மியா இருக்கும்" என்றாள் அவள்.

ஒன்றாந்தேதி காலை. கிடங்கின் ஜன்னலிலிருந்து துறை தெரிந்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பின்னால் கிளம்பியவர்கள்கூட அவளுடைய படகைத் தாண்டிப் போனார்கள். அதன் மூக்கு தண்ணீரோடு தண்ணீராகப் படிந்திருந்தது. முன்பலகையில் மூன்று கேன்கள். அவ்வளவு தூரத்துக்குக் கயிறு தெரியாது. அவள் வேறொன்றைத் தேடினாள்.

அவர் உட்கார்ந்திருந்தார்.

அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.